விரோஜ் சொல்லாத சொல்

நாற்காலிக்கு அவர்கள் ஊரில் காவ்-ஈ என்று பெயர். அந்தச் சொல்லைத் தன் அப்பா விரோஜின் வாயிலிருந்து பன்னிதா ஒருநாளும் கேட்டதில்லை. பாங்காக்கில் தலாத் நொய் என்ற பகுதியில் இருந்த அவருடைய நூடுல்ஸ் கடைக்கு வருகிறவர்களுக்கு இது வெகுநாள் வேடிக்கை.

"அண்ணே, எதுல உட்காரட்டும்? பேரைச் சொல்லுங்க பார்ப்போம்."

"அதோ, அதுல உட்காரு. இல்லேன்னா நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போ."

அந்த வீட்டிலிருந்து முதலில் பல்கலைக்கழகம் போனவள் பன்னிதா. சொற்களின் பிறப்பிடம் பற்றிய கட்டுரைக்கு அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டாள். சீனாவிலிருந்து வந்த தியோசியூ மக்களின் சொல் அது என்று படித்ததும் அடுப்படிக்கு ஓடினாள்.

"அப்பா, காவ்-ஈ நம்ம தாத்தா பாஷைப்பா!"

"தெரியும்" என்றார் விரோஜ். கொதிநீரில் கிடந்த நூடுல்ஸ் குழைந்துபோனது.

கடை ஓய்ந்த பிறகு சொன்னார். பள்ளியில் யாரும் தன் பிள்ளைகளைச் சீனப் பிள்ளைகள் என்று கேலி செய்துவிடக்கூடாது என்பதால் தாத்தா தன் பாஷையை வீட்டில் பேசியதே இல்லை. கடைசியில் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் கிடந்தபோது, அந்தப் பாஷை மட்டும்தான் அவரிடம் மிஞ்சியது. மூன்று நாள் ஒரே வாக்கியத்தைச் சொன்னார். விரோஜுக்குப் புரிந்தது காவ்-ஈ ஒன்றுதான். வார்டில் இருந்த நாற்காலிகளையெல்லாம் இழுத்துவந்து போட்டார். கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்காம் நாள் இறந்துபோனார்.

"இத்தனை வருஷமா யாரையும் கேக்கலையாப்பா?"

"பயந்தான். நீ படிச்சவ. கேட்டுச் சொல்லு."

பொருள் தெரியாத பாட்டைப் போல அந்த வாக்கியத்தை அப்படியே சொல்லிக்காட்டினார்.

அந்தப் பாஷை தெரிந்த மூன்றாவது வீட்டு ஹுவே அத்தையிடம் பன்னிதா அதைச் சொல்லிக்காட்டினாள். அத்தை பூண்டு உரித்துக்கொண்டே காதில் வாங்கினாள். கை நின்றது.

"என்னை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ, முன்கூடத்துல நாற்காலியில உட்கார வைன்னு கெஞ்சுறாருடி. எங்க ஆளுங்களுக்கு உசுரு முன்கூடத்துலதான் போகணும். வெளியில போனா வீடு வந்து சேராதும்பாங்க. யாருடி சொன்னது?"

"கட்டுரைக்கு, அத்தை."

தாத்தா கிடந்த மருத்துவமனையிலிருந்து வீடு நடக்கிற தூரம்தான்.

"தெரிஞ்சுதா?" என்று விரோஜ் வாரந்தோறும் கேட்டார்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்ப்பா."

இது இரக்கமா, கோழைத்தனமா என்று அவளுக்கே விளங்கவில்லை. கட்டுரையில் அந்த வாக்கியத்தை அவள் எழுதவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் விரோஜுக்கு ஈரல் கெட்டது. டாக்டர் தடுத்தும் பன்னிதா அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கடை மேசைகளை ஒதுக்கி முன்கூடத்தில் படுக்கை போட்டாள்.

"இங்க எதுக்கும்மா?"

"காத்து வரும்ப்பா."

கொஞ்ச நேரம் கழித்து அவர் அதையே கேட்டார்: "தெரிஞ்சுதா?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. விடிவதற்குள் அவர் போய்விட்டார். அவர் கேட்ட ஒரே பதிலை அவள் கடைசிவரை கொடுக்கவில்லை.