கூடுதலாக ஒட்டிய தபால்தலை

பிரிக்பீல்ட்ஸ் தபால் நிலையத்தில் நின்று அந்த உறைக்குத் தபால்தலை ஒட்டிய பிற்பகல் நன்றாக நினைவிருக்கிறது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து நானும் என் மனைவியும் போயிருந்தோம். இந்தியாவுக்கு மூன்று தலை போதும் என்றார் கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி. நான் நான்கு வாங்கினேன். அந்த வருடங்களில் தபால்தலைகளில் வண்ணத்துப்பூச்சிப் படம் இருக்கும். ஒவ்வொன்றாக நாக்கில் நனைத்து, கோணல் இல்லாமல் வரிசையாக ஒட்டினேன். “மூணு போதும்னுதானே சொன்னாங்க, நாலாவது எதுக்கு?” என்று கேட்டாள் மனைவி. எடை கூடிப்போய் எங்கேயும் நின்றுவிடக் கூடாது என்றேன். அவள் சிரித்தாள். உறைக்குள் நிரப்பாத படிவம் ஒன்று மடித்து வைத்திருந்தது. அதை நிரப்பி, மூடி, தபால் பெட்டியில் போட வேண்டியவர் மாஸ்டர்.

மாஸ்டர் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் ஐந்து பேர் பேண்டை நடத்துவார். பள்ளியிலும் மாஸ்டர், மேடையிலும் மாஸ்டர். நான் ரயில்வே ஸ்டோரில் குமாஸ்தா, அந்தப் பேண்டில் டிரம்ஸ். பொழுதுபோக்கு என்று நான் சொல்வேன். பைத்தியம் என்று மனைவி திருத்துவாள். குவார்ட்டர்ஸ் வீட்டின் முன்னறையில் பாதியை அந்த டிரம்ஸ்தான் அடைத்துக்கொண்டிருந்தது. வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுவேன். அடுத்த வீட்டுச் சீன ஆன்டி பொறுக்க முடியாமல் சுவரைத் தட்டுவார். அவர் உங்களைவிட நல்லா தட்டுறாரே என்பாள் மனைவி. கத்தோலிக்கக் கல்யாணம், மெதடிஸ்ட் கல்யாணம், ஞானஸ்நான விருந்து என்று கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையில் நாங்கள் வாசிக்காத மண்டபம் குறைவு. அத்தனை பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கும் வாசித்தவனுக்கு, கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்தும் பிள்ளையில்லை.

தமிழ்நாட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் குழந்தைகள் இல்லம் ஒன்றைப் பற்றி எங்கள் பங்குச் சாமியார்தான் சொன்னார். தத்துக் கேட்டு எழுதிப் போட்டோம். எட்டு மாதம் கழித்து ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தை, வெட்டிவிட்ட முடி, யாரையோ முறைக்கிற பார்வை. கூடவே சிஸ்டர் ஒருவர் தம் கையால் எழுதிய கடிதம். நல்ல ஆரோக்கியம், பிடிவாதம் கொஞ்சம் அதிகம், சாப்பாட்டு நேரத்தில் கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டே இருப்பாள், கண்டித்தாலும் நிறுத்துவதில்லை என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மறுநாளே மனைவி போய் ஒரு சின்ன எனாமல் தட்டு வாங்கி வந்தாள். விளிம்பில் நீலக் கோடு போட்டது. நான் அதைக் கரண்டியால் தட்டிப் பார்த்து, சத்தம் பரவாயில்லை என்றேன். அன்றிலிருந்து நாங்கள் அப்பா அம்மாதான். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு அவள் வாசலுக்கு ஓடுவாள்.

அங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கோயிலில் மாதா சுரூபத்தின் முன் மண்டியிட்டு, பிள்ளை வந்து சேர்ந்தால் டிரம்ஸைத் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். எங்கள் வீடுகளில் இது வழக்கம். மிகவும் பிடித்ததை விட்டுக்கொடுத்தால்தான் கேட்டது கிடைக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்கு டைபாய்டு வந்து பிழைத்ததற்காக என் அம்மா சாகும்வரை தேநீரில் சீனி போட்டுக்கொண்டதில்லை. நேர்ந்ததோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கட்டில் போட இடம் வேண்டும் என்று டிரம்ஸை லோரியில் ஏற்றி, நாங்கள் ஒத்திகை பார்க்கும் மாஸ்டர் வீட்டுக்கே கொண்டுபோய் இறக்கிய அன்று, பெருமையோடு எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். “அப்ப நாங்க எண்ணெ டின்ன தட்டுறதா லா?” என்று கிட்டார்காரர் கேட்க எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. “அவசரப்படாதய்யா. டிசம்பர் வரைக்கும் கல்யாணங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்” என்றார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. அதே மாலை, அதே கையால் அந்த உறையை அவரிடம் கொடுத்தேன்.

இல்லத்துக்கு இரண்டு பேரின் நற்சான்று தேவைப்பட்டது. சான்று தருபவரே நேராக அனுப்ப வேண்டும், நாங்கள் அதைப் பார்க்கக் கூடாது என்பது விதி. ஒன்றை என் மேலதிகாரி அந்த வாரமே எழுதி அனுப்பிவிட்டார். இன்னொன்றுக்கு மாஸ்டரைவிடத் தகுந்தவர் யார்? தலைமையாசிரியர், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர், என்னை வாலிபத்திலிருந்து அறிந்தவர்.

இரண்டு மாதம் கழித்து சிஸ்டரிடமிருந்து கடிதம் வந்தது. மற்ற எல்லாத் தாள்களும் சேர்ந்துவிட்டன, ஒரு நற்சான்று மட்டும் வரவில்லை என்று. மாஸ்டரிடம் கேட்டேன். “அப்பவே போட்டுட்டேன்யா. இந்தியா தபால் எப்படின்னு ஒனக்குத் தெரியாதா?” என்றார். நானும் இந்தியத் தபாலைத் திட்டினேன். அடுத்த கடிதமும் அதையே சொன்னது. அவரும் அதையே சொன்னார். அப்படியானால் இன்னொரு படிவம் வரவழைத்துப் பங்குச் சாமியாரை எழுதச் சொல்கிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. “என் மேல நம்பிக்க இல்லன்னா அப்படியே செய். நான் எழுதுனது போய்ச் சேர்ற நேரத்துல நீ ஆள மாத்துனா அவங்க என்ன நெனப்பாங்க? ஒரு மாசம் பொறுலா.” பொறுத்தேன். இருபது வருடம் கூட வாசித்த மனிதரை எப்படிச் சந்தேகப்படுவது?

மூன்றாவது கடிதம் சுருக்கமாக இருந்தது. அதற்கு மேல் காத்திருக்க முடியாததால் குழந்தையை வேறொரு நாட்டுத் தம்பதிக்குக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் விரும்பினால் வேறு குழந்தைக்குப் புதிதாக எழுதலாம் என்றும் இருந்தது. “இன்னொரு பிள்ளையோட போட்டோவ என்னால பாக்க முடியாதுங்க” என்றாள் மனைவி. அதோடு சரி. விஷயம் கேட்டு மாஸ்டர் திராட்சைப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்தார். பிள்ளை வராதபோது நேர்ச்சை ஏது? இரண்டு வாரத்தில் நான் மறுபடி வாசிக்கப் போனேன். “மாதாவுக்கே நீ வாசிக்கிறதுதான் புடிச்சிருக்குபோலய்யா” என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த நேரத்தில் அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. இன்று நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

இரண்டு வருடம் போயிற்று. கிள்ளானில் ஒரு கல்யாணத்தின் மதிய விருந்து. மண்டபம் நிறைந்துவிட்டது, மணமக்கள் வாசலுக்கு வரப்போகிறார்கள். பாட்டுத் தாளைக் காணோம் என்று பாடகர் பதறினார். மாஸ்டர் யாரிடமோ பேசிக்கொண்டு வாசலில் நின்றார். அவருடைய அக்கார்டியன் பெட்டியின் மூடியில் ஒரு துணிப்பை உண்டு, தாள்களை அதில்தான் வைப்பார். கையை விட்டேன். தாள்களோடு நான்கு வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. முகவரி என் கையெழுத்து. உறை மூடி ஒட்டியிருந்தது. தலைகளின்மேல் தபால் முத்திரை இல்லை.

நிமிர்ந்தால் மாஸ்டர் நிற்கிறார். என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். “அப்புறம் பேசுவோம். பொண்ணு மாப்பிள்ள வந்துட்டாங்க. கவுண்ட் குடு” என்றார். பாட்டுத் தொடங்குமுன் குச்சியோடு குச்சியை நான்கு முறை தட்டிக் கணக்குச் சொல்வது என் வேலை. நான் தட்டாமல் ஒருவரும் தொடங்க முடியாது. உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நான்கு முறை தட்டினேன். பெண் உள்ளே நடந்து வந்தாள், எல்லோரும் கை தட்டினார்கள், விருந்து முடியும்வரை வாசித்தேன். அவர் என்னை ஏமாற்றியதைவிட, அவர் சொன்னதும் நான் தட்டினேனே, அதுதான் எனக்கு இன்றுவரை வெட்கம்.

கார்களுக்கு நடுவில் வெயிலில் நின்று கேட்டேன். “ஏன் மாஸ்டர்?” அவர் மறைக்கவில்லை. “நீதானய்யா சொன்ன, பிள்ள வந்தா குச்சியத் தொடமாட்டேன்னு. டிசம்பர் தாண்டட்டும், அப்புறம் போடலாம்னுதான் வச்சிருந்தேன். அதுக்குள்ள அந்தப் பிள்ளைய வேற யாருக்காவது குடுத்துடுவாங்கன்னு கனவா கண்டேன்?” என்றார். நாலைந்து கல்யாணங்களுக்காக என் மகளைப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்திருக்கிறார். குச்சிகளை அவர் காரின்மேல் வைத்துவிட்டு பஸ்ஸில் வீடு வந்தேன். டிரம்ஸ் அவர் வீட்டிலேயே கிடந்தது. போய் எடுக்கவில்லை, பிறகு எங்கும் வாசிக்கவும் இல்லை. பிள்ளை வராமலேயே நேர்ச்சை நிறைவேறிவிட்டது.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவரைத் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்தாள். “தட்டையே தட்டிக்கிட்டு இருந்த பிள்ளைங்க அது. அதுக்கு வேண்டியது டிரம்ஸுதானே? அத விட்டுடுறேன்னு உங்கள யாரு நேந்துக்கச் சொன்னா? என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்றாள். மாஸ்டரை நான் எப்படிப் பார்த்தேனோ, அப்படித்தான் அவள் அன்றைக்கு என்னைப் பார்த்தாள்.

உறையை நான் பிரிக்கவில்லை. வெறும் படிவமாக இருக்கும், அல்லது என்னைப் பற்றி ஏதாவது குறையாக எழுதிவிட்டு அனுப்ப மனம் வராமல் வைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறையாக எழுதியிருப்பார் என்று நினைப்பது ஒருவகையில் வசதியாக இருந்தது. ஆத்திரத்துக்கு அது போதும். ஓய்வுபெற்று நாங்கள் பூச்சோங்குக்கு வீடு மாறியபோது அலமாரியோடு அதுவும் வந்தது. எனாமல் தட்டும் வந்தது. கொடியில் போடும் துணிக் கிளிப்புகள் இப்போது அதில்தான் கிடக்கின்றன.

போன மாதம் மாஸ்டர் இறந்துவிட்டார் என்று தகவல் வந்தது. நான் போகவில்லை. “நீங்க வராட்டி பரவால்ல, நான் போயிட்டு வரேன். அவர் சம்சாரம் நமக்கு என்ன செஞ்சுச்சு?” என்று மனைவி கிளம்பிப் போனாள். அவள் போனதும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. உறையை எடுத்து, ஓரத்தைக் கத்தரியால் வெட்டினேன்.

படிவம் முழுக்க நிரப்பியிருந்தது. பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. நான் கொடுத்த மறுநாள் தேதி. இவருடைய பழக்கங்களில் குழந்தைக்கு இடைஞ்சலாக ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி. “டிரம்ஸ் வாசிப்பார். அந்தப் பிள்ளை கொடுத்துவைத்தது” என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். உங்கள் சொந்தப் பிள்ளையை இவரிடம் ஒப்படைப்பீர்களா என்பது கடைசிக் கேள்வி. “தயங்காமல்” என்பது பதில். கீழே கையெழுத்து, பள்ளி முத்திரை. எல்லாம் தெரிந்துதான் அதை மூடி ஒட்டிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். குறையாக நாலு வார்த்தை எழுதியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மனைவி திரும்பி வந்ததும் கொடுத்தேன். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே படித்தாள். “இவ்ளோ நல்லா எழுதியிருக்காரே” என்றாள். மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, “பாவி” என்றாள். அது அவரா நானா என்று கேட்கவில்லை. படிவத்தை மடித்து உள்ளே வைத்தாள். உறையைத் திருப்பி, வெளுக்காத அந்த வண்ணத்துப்பூச்சிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

“மூணு போதும்னுதானே சொன்னாங்க. நாலாவது எதுக்கு?”

“எங்கயும் நின்னுடக் கூடாதுன்னு ஒட்டினேன்” என்றேன்.