எந்தக் கையால் கையெழுத்துப் போட்டாய்?

வெர்னீட்டா பிக்கெட்டுக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். மில்வாக்கியில் ஒரு மருத்துவக் கல்லூரியின் டீன் அலுவலகம். அதன் முன்மேசையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். செப்டம்பர் வந்தால் அந்த அறையிலிருந்து வானொலி மாதிரி குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

காரணம், கடிதங்கள். கடைசி வருட மாணவர்கள் நூற்றுத் தொண்ணூறு பேர்; ஆளுக்கொரு கடிதம். எந்தப் பிரிவில் எந்த மருத்துவர் என்ன சொன்னார், என்ன தரம் போட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் நாட்டிலுள்ள மருத்துவமனைகள் மேற்பயிற்சிக்கு ஆள் எடுக்கும். மேற்பயிற்சி கிடைக்காவிட்டால் பட்டத்தைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம். ஊசி போட முடியாது. எல்லாக் கடிதங்களும் ஒரே நாளில், ஒரே மணிக்குப் போய்ச் சேரும். அதற்கு முன் மாணவர் வந்து தன் கடிதத்தைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். தகவல் பிழை இருந்தால் திருத்தலாம். மருத்துவர் சொன்ன கருத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது. அது வேதவாக்கு.

வேதவாக்கு என்று எவனாவது சொன்னால் வெர்னீட்டாவுக்கு உடனே கை அரிக்கும். இத்தனை வருடம் வாய்விட்டுப் படித்ததில் அவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது. அப்பா மருத்துவர், தாத்தா மருத்துவர் என்று வருகிற பையன்கள் எல்லோரும் ‘பிறவித் தலைவர்கள்’. வெர்னீட்டாவின் கறுப்பு நிறத்தில் வருகிற பிள்ளைகள் எல்லோரும் ‘அமைதியானவர், சொன்னதைச் செய்வார்’.

“சொன்னதைச் செய்யறதுக்கு என் வீட்டு மைக்ரோவேவ் போதும்” என்பார்.

வியாழக்கிழமை தோறும், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் ஆடப் போவார். அங்கே அவருக்குப் பிடித்ததே மதிப்பெண் பலகைதான். “பத்துக் கட்டையையும் சாய்ச்சா பத்துன்னுதான் பலகையில வரும். ‘பாவம், நல்லா முயற்சி பண்றா’ன்னு வராது.”

கடிதங்கள் போக ஒன்பது நாள் இருந்தபோது ஜெனெல் டாகின்ஸ் வந்தாள். பேருந்து ஓட்டுநரின் மகள். ஐந்தடிதான் உயரம். முதல் வருடத்திலிருந்தே அறுவை மருத்துவம் தவிர வேறு பேச்சே கிடையாது. படம் பார்க்கும்போதுகூட நாற்காலிக் கைப்பிடியில் நூல் கட்டி முடிச்சுப் போட்டுப் பழகுகிறவள். கடிதத்தைப் படித்தாள். முகம் கல்லாகிவிட்டது. முன்மேசையில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

வெர்னீட்டா வழக்கம்போல் கடைசி முறையாக ஓட்டிப் படித்தார். “அறுவைப் பிரிவு. தரம்: பாஸ். ‘இனிமையானவர். இடதுகைப் பழக்கம் உள்ளதால் கருவிகளைக் கையாள்வதில் தடுமாறினார். முடிச்சுகள் மெதுவாக...’” நின்றார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார்.

“ஏம்மா, இப்ப எந்தக் கையால கையெழுத்துப் போட்ட?”

ஜெனெல் தன் வலதுகையைப் பார்த்தாள்.

“விடுங்க, மிஸ் வெர்னீட்டா.”

“விடறதா? இது யாரு இடதுகைக்காரி?”

“அறுவைப் பிரிவுல இருந்த அந்த ஆறு வாரமும் எங்க அணியில நானும் கேமிலும்தான் கறுப்புப் பொண்ணுங்க.”

வெர்னீட்டாவுக்குப் புரிந்துவிட்டது. கேமில் ஓபியைத் தெரியாதா? அந்தச் சங்கிலிப் பேனா வலதுபக்கம் கட்டியிருக்கிறது என்பதற்காக வரும்போதெல்லாம் உடம்பை முறுக்கிக்கொண்டு திட்டுகிறவள் அவள் ஒருத்திதான். ஆறடிக்கு ஒரு விரல்கடை குறைவு. இந்த ஐந்தடியையும் அந்த ஆறடியையும் ஒரே ஆளாகப் பார்க்க எவ்வளவு மேதைமை வேண்டும்!

“அப்ப ஏன் வாயைத் திறக்கல?”

“திறந்தா ‘தகராறு பிடிச்சவ’ன்னு எழுதுவாங்க. வெறும் பாஸை வச்சிக்கிட்டு ஒரு வாசலையாவது தட்டலாம். தகராறுன்னு எழுதிட்டா எந்த வாசலும் கிடையாது.”

“நீ தகராறு பண்ண வேணாம். எனக்கு ஓய்வூதியம் உறுதியாயிடுச்சு. அந்த வேலையை நான் பாத்துக்கறேன்.”

நேரே டீன் விட்லாக்கின் அறைக்குப் போனார். விட்லாக் கெட்டவர் அல்ல. விதிப்புத்தகத்தைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு நடக்கிற மனிதர்.

“வெர்னீட்டா, கருத்தைத் தொட முடியாது. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும் டாக்டர். தகவலைத் தொடலாம்ல?”

“தகவல்னா தாராளமா.”

“ஒருத்தி எந்தக் கையால எழுதறாங்கறது கருத்தா, தகவலா? இந்தக் கையெழுத்தை என் கண்ணு முன்னாடி வலதுகையால போட்டா.”

விட்லாக் கடிதத்தைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். குடை மடங்கிவிட்டது. தொலைபேசியை எடுத்து அறுவைப் பிரிவின் டாக்டர் ப்ரூக்மனைக் கூப்பிட்டு, வெர்னீட்டாவும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

“டாகின்ஸா? நல்லா ஞாபகம் இருக்கே! உயரமான பொண்ணு” என்றார் ப்ரூக்மன்.

“என் மேசை உயரம்தான் இருப்பா” என்றார் வெர்னீட்டா.

மறுமுனையில் இருமல். பயிற்சி முடிந்து ஆறு வாரம் கழித்து, ஒரே உட்காரலில் பதினான்கு மாணவர்களின் மதிப்பீட்டுப் படிவங்களை நிரப்பியதாகச் சொன்னார். “பேரு கொஞ்சம்... மாறியிருக்கலாம்.”

ஒரு பெண்ணின் நான்கு வருட உழைப்பு அந்தக் ‘கொஞ்ச’த்தில் கிடந்தது. வெர்னீட்டாவுக்குக் கொதித்தது. ஆனாலும் அவரை உறுத்தியது வேறு. பெயர் மாறியிருந்தால் ஜெனெலின் பாராட்டு கேமிலின் கடிதத்தில் இருக்கும். எடுத்துப் பார்த்தார். இருந்தது: ‘கத்தி பிடிக்கவே பிறந்த கைகள். ஹானர்ஸ்.’ முதல் தரம். ஒருத்தியைத் தூக்கிவிட இன்னொருத்தியை இறக்க வேண்டுமா?

கேமிலை வரச்சொல்லி நடந்ததைச் சொன்னார். அவள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள்.

“அதானே! இதைச் சொன்னதும் எங்கம்மா என்னைப் படுத்திட்டாங்க, மிஸ் வெர்னீட்டா. ‘கத்தி பிடிக்கப் பிறந்தவளே’ன்னு வான்கோழியை நறுக்கச் சொன்னாங்க. நான் நறுக்கின அழகுக்கு அது இன்னும் எங்களை மன்னிக்கல.”

“உன் தரம் குறையலாம்டி.”

“நான் போறது மனநலத்துக்கு. அங்க தையல் போடற வேலையா இருக்கு? ஜெனெலோடதை அவகிட்டக் குடுங்க. ஆனா ஒண்ணு, நான் தடுமாறினேன்னு எழுதினாரே, அந்த ஊசி பிடிக்கற இடுக்கி எல்லாம் வலதுகைக்காரங்களுக்குச் செஞ்சது. இடதுகைக்கானது அலமாரியில இருந்தும் ஒருத்தரும் எடுத்துத் தரல. கடைசி வாரம் ஒரு நர்ஸ் எடுத்துக் குடுத்தாங்க. அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி முடிச்சது நான்தான்.”

வெர்னீட்டா எழுந்தேவிட்டார். வெறுமனே இடம் மாற்றினால் ஒரு அநியாயத்தை இன்னொரு வீட்டு வாசலில் இறக்கிவைத்த கதையாகிவிடும். மறுபடி விட்லாக்கின் அறை. “மனுஷியை மாத்திப் பாத்தது ஒரு தப்பு. மாத்திக் கொடுத்த கருவியை வச்சுக் கையை அளந்தது இன்னொரு தப்பு. ரெண்டு படிவமும் புதுசா வரணும்.”

வந்தன. விட்லாக் விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்; அந்த ஆறு வாரமும் பக்கத்தில் நின்ற இளம் மருத்துவர்கள் மூவரையும் அந்த நர்ஸையும் உட்காரவைத்துக் கேட்டார். ஜெனெலுக்கு ஹானர்ஸ். கேமிலுக்கு அதற்கு அடுத்த தரம். தடுமாற்றம் பற்றிய பேச்சே இல்லை. கடிதங்கள் போக இரண்டு நாள் இருந்தது. திருத்திய இரண்டையும் வெர்னீட்டா மூன்று முறை வாய்விட்டுப் படித்தார்.

மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளி. வெளியே பனி அழுக்காகக் கரைந்துகொண்டிருந்தது. கூடத்தில் மாணவர்கள், அம்மாக்கள், அழும் குழந்தைகள், அழும் மாமாக்கள். பதினொரு மணி அடித்தால்தான் உறையைப் பிரிக்கலாம். நாடு முழுக்க அதே நிமிடம். யாருக்கு எந்த மருத்துவமனை என்பது அதற்குள் இருக்கும்.

மணி அடித்தது. கூடம் வெடித்தது. கேமில் மூலையில் யாரையோ தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். பேருந்து ஓட்டுநர் டாகின்ஸ் சீருடையிலேயே வந்து நின்றார். ஜெனெல் பிரிக்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு வெர்னீட்டாவிடம் வந்தாள்.

“நீங்களே சத்தமாப் படிங்க, மிஸ் வெர்னீட்டா.”

வெர்னீட்டா கண்ணாடியை இறக்கி மாட்டினார்.

“இரு. முதல்ல பேரு யாருதுன்னு பாக்கணும்.” உறையைத் திருப்பினார். “ஜெனெல் டாகின்ஸ். சரி, ஆளு நீதான்.”

பிரித்தார். படித்தார். “பொது அறுவை மருத்துவம்...” அதற்குப் பிறகு வந்த மருத்துவமனையின் பெயர் இந்த ஊரிலேயே இருந்தது, அப்பா தினமும் பேருந்தை நிறுத்துகிற வாசல். அதற்குள் டாகின்ஸ் போட்ட கூச்சலில் இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக வெர்னீட்டாவின் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

மதியம் ஏற்புப் படிவத்தில் கையெழுத்துப் போட இருவரும் முன்மேசைக்கு வந்தார்கள். கேமில் பழக்கத்தில் உடம்பை முறுக்கினாள். பிறகு நிமிர்ந்தாள். இடதுபக்கமும் ஒரு பேனா, புதுச் சங்கிலியில்.

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போடுங்க” என்றார் வெர்னீட்டா. “வெள்ளிக்கிழமை ராத்திரி மீன் வறுவல் சாப்பாட்டுக்கு ஊரே கூடிடும், எனக்கு இடம் பிடிக்கணும்.”