கிணற்றுக்கு மூன்று நாள் வழி

பாலைவன ஊரான பூத்திலிமித்தில் எந்தக் கவிதையும் உப்பு வியாபாரி தெத்தாவின் காதைத் தாண்டித்தான் சபை ஏறும். நாற்பது ஆண்டுகளில் அவர் ஒரு குறையையும் கண்டும் காணாமல் விட்டதில்லை.

அன்று மாலை சபையில் பாட வேண்டிய முதுமை பற்றிய தன் கவிதையை நண்பர் யஹ்தி அவரிடம் பாடிக் காட்டினார். தெத்தா தொடையில் தாளம் தட்டிக் கேட்டார்.

"சந்தம் சுத்தம். ஆனா ரெண்டாம் அடியை 'கிணறு'ன்னு முடிச்சே, ஆறாவதும் அதே முடிப்பு. நம்ம பாட்டு மரபுல ஏழு அடி தள்ளித்தான் முடிப்புல அதே சொல் வரலாம்."

"சின்ன வயசுல ஒட்டகத்துக்குத் தண்ணி காட்டின கிணத்துக்கே திரும்பிப் போனேன்யா, உப்பு மூட்டை! வேற என்னன்னு சொல்ல?"

"போய்ச்சேர எத்தனை நாளாச்சு?"

"மூணு."

"அந்த நடையைப் பாட்டுல காணோமே! நாளுக்கு ஒரு அடி போடு."

தேநீர் ஆறுவதற்குள் முழங்கால் வலியோடு நடந்த நடையைச் சொல்லும் மூன்று அடிகள் நடுவில் பிறந்தன. தெத்தா விரல்விட்டு எண்ணினார். ஆறாம் அடியிலிருந்த கிணறு ஒன்பதாம் அடிக்குத் தள்ளிப்போயிருந்தது.

"போய்ப் பாடு" என்றார்.