நாலு வாசல் நீதிமன்றம்

லண்டனுக்குத் தெற்கே, ஆப்பிள் தோட்டமும் செம்மறிகளுமாய்க் கடல்வரைக்கும் கிடக்கிற அந்தக் கவுண்டி மாவட்டத்தில் நீதி மூன்று வீடு மாறியிருக்கிறது. முதலாவது, சந்தைக் கட்டடத்தின் மேல்மாடி. கீழே வெண்ணெயும் கம்பளியும் விலைபோக, மேலே வழக்கு நடந்திருக்கிறது. இரண்டாவது, பெருந்தூண்கள் வைத்த சாம்பல்நிறக் கல்மாளிகை. மூன்றாவது செங்கல் பெட்டி. கார் நிறுத்த இடம் பார்த்துக் கட்டியது, அவ்வளவுதான். இப்போது முதலாவதில் கோப்பி விற்கிறார்கள், இரண்டாவதில் கலியாணம் நடக்கிறது. என் எட்டு வயதில் அந்த இரண்டாவதுக்கு உயிர் இருந்தது. சித்தப்பாவை அங்கேதான் நிறுத்தினார்கள்.

சித்தப்பா செய்தது இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, பிரான்ஸ் கரையில் வழியில்லாமல் நின்ற சித்தியின் தம்பியை, தன் வான் வண்டியில் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். துறைமுகத்தில் பிடிபட்டார். ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அன்றைக்குத் தண்டனை சொல்லும் நாள். சிறை மறியலா, வீடா, எதுவும் நடக்கலாம் என்று லோயர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூட விடுமுறை, லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டில் என்னை விட்டுவர ஆளில்லை. அப்பா, அம்மா, சித்தி, சித்தப்பா, நான், எல்லோரும் ஒரே காரில் வந்து இறங்கினோம்.

வாசற்படியில் எல்லோர் முகமும் இருண்டு கிடந்தது. சித்தப்பாவுக்கு அது ஒத்துவராது. என் பக்கம் திரும்பினார்.

“இஞ்ச பார் குஞ்சு, இந்தக் கட்டடத்துக்கு நாலு வாசல். ஜட்ஜுக்கு ஒண்டு, ஜூரிக்கு ஒண்டு, உங்களை மாதிரிச் சனத்துக்கு ஒண்டு, கள்ளருக்கு ஒண்டு. ஆரும் ஆரையும் வழியிலை சந்திக்கப்படாது எண்டு கட்டியிருக்கிறாங்கள்.”

“கள்ளற்றை வாசல் எங்கை?”

“நிலத்துக்குக் கீழ. சுரங்கம்! நான் நிக்கிற கூண்டுப் பெட்டிக்குள்ளையே படி இருக்கு. பக்கத்துக் கதவாலை வெளியில வருவனோ, படியாலை இறங்குவனோ? பந்தயம், சொல்லு பாப்பம்.”

“சுரங்கம்!”

“வாயைக் கழுவடி, சனியன்,” அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார்.

“விடுங்கோ அண்ணி,” என்று சித்தப்பா சிரித்தார். “அவளாவது வெல்லட்டும்.”

என்னைப் பார்த்துத் தயங்கிய காவலாளி, சத்தம் போடக்கூடாது என்று விரலால் காட்டி உள்ளே விட்டார். எல்லாம் கரிய ஓக் மரம். ஜட்ஜின் தலைக்கு மேலே மரத்தில் விதானம், அதற்கும் மேலே அரச முத்திரையின் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும். நடுவில், பித்தளைக் கம்பி போட்ட பெட்டிக்குள் சித்தப்பா. அவருக்குப் பின்னால் தரை வாய் பிளந்திருந்தது. கட்டடம் கலியாண மண்டபமான பிறகு ஒரு நாள் அந்தப் படியில் இறங்கிப் பார்த்தேன். தோளோடு தோள் ஒட்டி இரண்டு பேர் போகமுடியாது. முன்னால் கைதி, பின்னால் காவல். கட்டியவன் அளந்துதான் கட்டியிருக்கிறான்.

ஜட்ஜ் வாசித்தார், வாசித்தார், வாசித்துக்கொண்டேயிருந்தார். நான் கண்ணை மூடி, சுரங்கம், சுரங்கம் என்று பிள்ளையாரைக் கும்பிட்டேன். பக்கத்தில் சித்தியின் உதடும் ஓயாமல் அசைந்தது. இரண்டு பேரும் ஒரே பிள்ளையாரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வாசிப்பு நின்றது. அப்பா தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டார். ஒரு காவலர் சித்தப்பாவின் முழங்கையைத் தொட்டுப் படிப்பக்கம் திருப்பினார்.

“நான் வெண்டிட்டன்!” என்று கத்திக் கைதட்டினேன். சபை முழுக்கத் திரும்பியது. அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது.

சித்தப்பா இடுப்புவரை மறைந்தார், தோள்வரை மறைந்தார், தலையும் போயிற்று. பிறகு ஒரு கை மட்டும் பித்தளைக் கம்பிக்கு மேலே எழும்பி ஆடியது. தோற்றவர் வென்றவளுக்குக் காட்டும் கை என்று நினைத்து, நானும் பெருமையோடு திரும்பக் கை காட்டினேன்.

என் பக்கத்தில் சித்தி அந்தக் கையையே பார்த்தபடி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.