அணைக்கக் கூடாத சுவிட்ச்

கிளம்பும்போது எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, வாசல் வரை போய் மறுபடி வந்து பார்க்கிற ரகம் நான். இருபது வருட அமெரிக்க வாசத்திலும் அது மாறவில்லை.

போன குளிர்காலத்தில் குபெர்டினோவில் படுக்கை வசதியுள்ள கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, நானும் கணவரும் மலைப்பக்கம் பனிச்சறுக்கு விளையாடப் போனோம். எங்கள் வயதான நாய் முறுக்கும் வந்தது. சுருண்ட வாலுக்காக வைத்த பெயர் அது. ஹீட்டர் போட்ட வேனுக்குள் அதைப் படுக்க வைத்துவிட்டு ஸ்கீ லிஃப்டில் ஏறினோம்.

பாதி உயரத்தில் அவர் வழக்கம்போல் கேட்டார்.

"லைட்டெல்லாம் ஆஃப் பண்ணிட்டியா?"

"எல்லாம் பண்ணிட்டேங்க. ஹீட்டர்கூட..."

சொல்லும்போதே வேனுக்குள் படுத்திருக்கும் முறுக்கு நினைவுக்கு வந்தது. நடுவில் இறங்க வழியில்லை. உச்சி வரை போய், விழுந்து எழுந்து, பாதி தூரம் உட்கார்ந்தே சறுக்கி வந்து சேர்ந்தோம்.

வேன் ஐஸ் பெட்டியாக இருந்தது. படுக்கையில் கிடந்த என் நைட்டிக்குள் தலையைப் புதைத்து முறுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டைத் திறந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "சாரிடா கண்ணா" என்று நான் அழ, அவர் அதன் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நடுக்கம் நின்றதும் முறுக்கு முதலில் செய்தது, என் கன்னத்தை நக்கியதுதான். கோபித்துக்கொள்ளக்கூடத் தெரியாத ஜீவன்.

இப்போதெல்லாம் வேன் எடுத்ததும் ஹீட்டர் சுவிட்சின் மேல் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிடுகிறேன். அவரும் கேள்வியை மாற்றிவிட்டார்.

"முறுக்குக்கு சூடு வருதா?"

ஹீட்டர் முன்னால் கையை வைத்துப் பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.