கம்பளி நூலில் ஏறிய பச்சை

என்னைக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. வேதியியலில் சேர்த்தபோது அப்பா சொன்ன காரணம் ஒன்றுதான். "அங்க ஒழுக்கமா வளப்பாங்க." போடியில் எங்கள் வீட்டில் யாரும் தேவாலயப் படி ஏறியதில்லை. அங்கோ ஆய்வகத்தில் பர்னரைப் பற்றவைக்கும் முன் ஜெபம். கண்ணை மூடி நிற்கும்போதே முந்தின வகுப்பு விட்டுப்போன அழுகிய முட்டை வாடை மூக்கில் ஏறும். அதே வாடை கையில் இருக்க விடுதிச் சாம்பாரைப் பிசைந்து சாப்பிட்டோம். முதல் வருடம் முழுக்கக் குமட்டல். பிறகு பழகிவிட்டது.

கடைசி வருட ஆய்வுக்கு ஏலக்காயில் சேர்க்கும் சாயத்தை எடுத்துக்கொண்டேன். கடைக் காய்களோடு ஒப்பிட, சாயமே படாத காய் வேண்டும் என்றார் வழிகாட்டிப் பேராசிரியை. எனக்கு அதில் என்ன கஷ்டம்? போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குத் தோட்டம் உண்டு. காய் உலர்த்தும் ஸ்டோரும் சொந்தம். பொங்கல் விடுமுறையில் போய், கட்டி வைத்திருந்த மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளி வந்தேன்.

சோதனை எளிது. காய் ஊறிய நீரில் கொஞ்சம் அமிலம் விட்டு, வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். காயின் சொந்த நிறம் கழுவினால் போய்விடும். சாயம் நூலைப் பிடித்துக்கொள்ளும். கடைக் காய்கள் நூலை லேசாகப் பச்சையாக்கின. எங்கள் காய் போட்ட நூல் கிளிப்பச்சை. குழாயடியில் கசக்கினேன், போகவில்லை. பாத்திரம் சுத்தமில்லையோ என்று மறுபடி செய்தேன். அதே பச்சை.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். அப்பா மதியச் சாப்பாட்டில் இருந்தார்.

"அப்பா, நம்ம காயில சாயம் போடுறோமா?"

"எந்தக் காய எடுத்துட்டுப் போன?"

"ஸ்டோர் மூட்டையில இருந்து."

"அது ஏலத்துக்குப் போற காய், ஆத்தா. இந்த வருசம் வெளுத்துப் போச்சு. பச்சையா இல்லேன்னா எவனும் கையில எடுத்துக்கூடப் பாக்க மாட்டான். கழுவுற தண்ணியில கொஞ்சம் பொடி, அம்புட்டுத்தான்." பிறகு அம்மாவிடம் திரும்பினார். "பிள்ளைக்கு நம்ம டப்பாவுல இருந்து எடுத்துக் குடுத்திருக்கலாம்ல."

அம்மா அடுப்படி மேல்தட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்து திறந்தாள். உள்ளே பழுப்பேறிய காய்கள். சின்ன வயதிலிருந்து என் பாயசத்தில் விழுந்தவை இவைதான். மற்றது ஊரார் பாயசத்துக்கு.

"பாக்கத்தான் நல்லா இருக்காது. வாசம் தூக்கும்" என்றாள். அந்தப் பெருமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்ப அது திங்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"எல்லாரும் செய்யறதுதான். உக்காந்து சாப்பிடு" என்றார் அப்பா. நான் உட்காரவில்லை. டப்பாக் காயில் கொஞ்சம் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தக் காய் போட்ட நூல் கழுவியதும் வெளுத்துவிட்டது. இரண்டு நூல்களையும் பேராசிரியையிடம் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அன்று காலைதான் நாங்கள் உண்மை வழியில் நடக்க வேண்டும் என்று எங்களுக்காக உருகி ஜெபித்திருந்தார். "எங்க எடுத்ததுன்னு எழுத வேண்டாம்மா. உள்ளூர்ச் சந்தைன்னு போட்டுக்கோ. அப்பாவைக் கனம்பண்ணணும்னு வேதத்துல இருக்குல்ல" என்றார். எனக்கு அந்த அறையில் உட்காரவே பிடிக்கவில்லை. 'ஆய்வாளரின் குடும்பத் தோட்டம்' என்றே எழுதினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கையெழுத்திட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"உங்க வீட்டுக் காயா?"

"ஆமா சார்."

அடுத்து சாயத்தின் வேதியியலைக் கேட்பார் என்று தயாராக இருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சாயம் போடாத காய் அரைக் கிலோ கிடைக்குமாம்மா? வீட்டுக்குத்தான்."

எங்கள் பேராசிரியை சிரித்தார். "கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன். வேறு கேள்வி இல்லை. நல்ல மதிப்பெண் வந்தது.

போனில் சொன்னபோது மதிப்பெண்ணைவிட அரைக் கிலோவில்தான் அப்பாவுக்குச் சந்தோஷம். "வெரசா அனுப்பி விடுறேன்னு சொல்லு, ஆத்தா" என்றார். போனை வைத்தேன்.