ஜீப்பில் ஒரு முறை, பஸ்ஸில் ஒரு முறை

ஒரு வாரமாக என் மேஜை மேல் ஒரு பிஸ்கட் டின் உட்கார்ந்திருக்கிறது. நீல வண்ணம் பாதி உரிந்துவிட்டது. மூடியில் ஒரு நசுங்கல், ஸ்பூனால் நெம்பினால்தான் திறக்கும். கொச்சி மட்டாஞ்சேரியில் தெருப்பிள்ளைகளுக்கான இந்தக் காப்பகத்தில் வார்டனாக இருக்கும் எனக்கு இதுவரை யாரும் விருது எதுவும் தந்ததில்லை. இந்த டின்னைப் பார்த்தபின் அந்தக் குறையும் போய்விட்டது. பல வருடங்களுக்கு முன் இதை இங்கிருந்து எடுத்துச் சென்றவளை நாங்கள் மோளே, அதாவது மகளே, என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அவள் மோளாகவே இருக்கட்டும்.

அப்போது அவளுக்குப் பத்து வயது. மிளகுக் கிடங்குகளின் வாசலில் சாக்கிலிருந்து சிந்தியதைப் பெருக்கி விற்று, படகுத்துறையில் படுத்துக் கிடந்தவளைக் காப்பகத்துக்குக் கூட்டி வந்தோம். பாலக்காட்டில் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. எதிர்வீட்டு மாமியின் கொலுசு காணாமல் போக, மாமி இவளைக் கைகாட்ட, தெருவே பார்க்கப் பெற்ற உம்மாவே இவளை அடித்திருக்கிறாள். மறுநாளே இவள் ரயிலேறிவிட்டாள். கொலுசு பிறகு மாமியின் அரிசிப் பானையிலேயே கிடைத்தது. ஆனால் அதைச் சொல்ல மாமி தெருவைக் கூட்டவில்லை.

உம்மாவைக் கண்டுபிடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தைகள் நலக் குழுவிடம் உத்தரவு வாங்கி, அரசு ஜீப் ஒன்றையும் பிடித்து, வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கினேன். உம்மா அழுதபடி ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். வந்த வேலை முடிந்தது என்று மார்தட்டிக்கொண்டு திரும்பினேன். ஜீப்பைச் சுற்றிக் கூடிய முகங்களை நான் பார்க்கவில்லை, மோள் பார்த்திருக்கிறாள். நான்காம் நாள் காலை அதே கிடங்கு வாசலில் துடைப்பத்தோடு நின்றாள். ஜீப்பில் வந்து இறங்கியவள் திருடிதான் என்று தெரு முடிவு கட்டிவிட்டதாம், அவளோடு சேரக்கூடாதென்று மற்றப் பிள்ளைகளுக்கு உத்தரவாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அதுவும் முதலில் அவள் மேல்தான். என் புத்தி அப்படி.

மறுபடி காப்பகத்துக்குக் கூட்டி வந்தேன். இரண்டு மாதம் அவள் முகம் கொடுத்தே பேசவில்லை. உம்மாவிடம் போக ஆசையில்லையா என்று ஒருநாள் கேட்டேன். ஆசைதான், ஜீப்தான் வேண்டாம் என்றாள்.

"விருந்துக்குப் போன புள்ள எப்படி டீச்சர் திரும்பி வரும்? பஸ்ஸுல வரும். கையில பலகாரம் இருக்கும். எல்லா வீட்டுக்கும் கொடுக்கும். நானும் அப்படித்தான் போவேன்."

இத்தனை படித்த எனக்கு இது தோன்றவில்லை. அன்றே அச்சுமுறுக்கு சுட உட்கார்ந்தோம். என் கைராசி, முதல் ஈடு அச்சை விட்டு வரவேயில்லை. அதைப் பார்த்து அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

நான் சொல்லி அனுப்ப, உம்மா வந்தாள். மூவருமாகக் கலூரில் பஸ் ஏறி, திருச்சூரில் மாறிப் போனோம். தெருமுனையில் நான் பின்தங்கினேன். இந்த முறையும் விரட்டினால் அவள் இனி எந்த வீட்டுக்கும் திரும்பமாட்டாள் என்று தெரியும். மோளோ முறுக்கு டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டே நடந்தாள். சிலர் வாங்கினார்கள், சிலர் கதவைத் திறக்கவில்லை. கடைசியாக மாமியின் வாசல். "கொச்சியிலேர்ந்து வந்திருக்கேன் மாமி, எடுத்துக்கோங்க" என்று டின்னை நீட்டினாள். மாமி டின்னையே வாங்கிக்கொண்டாள். பிறகு டின்னோடு உள்ளே போய்விட்டாள். உம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மாமி திரும்பி வந்தபோது டின் நிறைய நேந்திரங்காய் வறுத்த உப்பேரி. "வெறும் டின்னை யாராவது திருப்பிக் கொடுப்பாங்களா?" என்றாள் மாமி. பிறகு தெருவுக்கே கேட்கும்படி, "உள்ள வா மோளே, சாயா குடிச்சிட்டுப் போ" என்றாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் திறக்காத கதவுகள் இரண்டு அப்போது திறந்தன.

அதன்பின் இந்தக் காப்பகத்திலிருந்து எந்தப் பிள்ளையும் ஜீப்பில் வீடு திரும்பியதில்லை, வெறுங்கையோடும் போனதில்லை. இது மோள் வகுத்த வழி. பெருமையாகவே சொல்கிறேன்.

போன வாரம் அவள் வந்திருந்தாள். அதே தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். இந்த டின் நிறைய அச்சுமுறுக்கு, ஒன்றுகூட உடையவில்லை. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போயேன் என்று கெஞ்சினேன்.

"முடியாது டீச்சர். மாமி அவங்க மக வீட்டுக்குப் போயிருக்காங்க, நாளைக்கு வந்துடுவாங்க. வீட்டுச் சாவியை என்கிட்டதான் கொடுத்துட்டுப் போனாங்க."

ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முறுக்கு அன்றைக்கே தீர்ந்துவிட்டது. வெறும் டின்னை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.